ஈயம் உருக்கிய நேரமும் வாசித்த நேரம்தான்

சனிக்கிழமை இசை நிகழ்ச்சி பற்றிய அந்தப் பதிவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். நானும் பார்த்தேன். அதில் என் பெயர் இல்லை, சரி. ஆனால் "சோல்டரிங் அயனைக் கீழே வைத்துவிட்டு கிற்றாரை எடுத்துப் பழகியிருந்தால் அந்த சோலோ இப்படி இரைந்திருக்காது" என்று திருகோணமலையில் இருந்துகொண்டு எழுதினால், அது கிற்றாரும் வாசித்து, அயனால் ஈயம் உருக்கி உதிரிகளை ஒட்டி, கிற்றார் சத்தத்தை மாற்றுகிற பெடல் பெட்டிகளும் செய்கிற என்னைப் பற்றித்தான் என்று உவர்மலையிலிருந்து உப்புவெளி வரை எல்லாருக்கும் தெரியும். கீழே சிரித்துவிட்டுப் போனவர்களில் பலர் என் வீட்டு மேசையில் தேத்தண்ணி குடித்தவர்கள்.

பேசாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். நேற்று இரவு ஒரு தம்பி மெசேஜ் போட்டான். உயர்தரம் படிக்கிற பெடியன். இப்போதுதான் முதல் பெடல் ஒன்றைச் செய்து பார்க்கத் தொடங்கியிருக்கிறான். "அண்ணா, அப்ப நான் இதை விட்டிட்டு பிராக்டிஸ் மட்டும் பண்ணவா?" என்று கேட்டிருந்தான். அதை வாசித்த பிறகு சும்மா இருக்க ஏலாது.

முதலில் அந்த இரைச்சல். என் கிற்றாரில் இருப்பது சிங்கிள் கொயில் பிக்கப். காந்தத்தைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றிய பொருள் அது. கிற்றார்க் கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற அதே கொயில், சுற்றி இருக்கிற மின்சாரத்தின் காந்தப் புலத்தையும் பிடிக்கும். நம் வீட்டுக் கரண்ட் 50 ஹேர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 தடவை ஆடும். அது 'ம்ம்ம்' என்று ஊமையாக இரையும். மேடை விளக்குகளை டிம்மரில் போட்டால், டிம்மர் அந்த அலையை இடையில் வெட்டுவதால், 'ம்ம்ம்' கூர்மையான 'ஸ்ஸ்ர்ர்' ஆகிவிடும். சனிக்கிழமை சோலோ தொடங்கும்போது விளக்கை மங்கலாக்கினார்கள். இரைச்சல் அந்த நொடியில்தான் வந்தது. வீடியோவைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். பாதியில் நான் இடது பக்கம் திரும்பி நிற்கிறேன், இரைச்சல் பாதியாகக் குறைகிறது. பெடலுக்குள்ளேயே பிறக்கிற இரைச்சல் என்றால் நான் எந்தத் திசையில் நின்றால் என்ன? பெடல் அதைப் பெரிதாக்கியது உண்மை. வருவதைப் பெரிதாக்குவதுதான் டிஸ்டோர்ஷன் பெடலின் வேலை. கடையில் வாங்கியதும் அதையேதான் செய்திருக்கும். இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும்? எந்தப் பக்கம் திரும்பினால் குறையும் என்று சோலோ நடுவில் என் உடம்புக்கு எப்படித் தெரிந்தது? அந்த சோல்டரிங் அயனைப் பிடித்ததால்தான்.

இதுதான் நான் சொல்ல வந்தது, திரும்பத் திரும்பச் சொல்வேன். பெடல் செய்கிற நேரம் வாசிப்பிலிருந்து களவெடுத்த நேரம் இல்லை. அதுவும் வாசிப்பு நேரம்தான்.

எப்படி என்று விளங்காதவர்களுக்கு ஒரு உதாரணம். 1979 அளவில் ஐபனெஸ் நிறுவனம் கொண்டுவந்த டியூப் ஸ்க்ரீமர் என்ற பச்சைப் பெடலை எல்லாருக்கும் தெரியும். அதன் உள்ளே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 0.047 மைக்ரோ ஃபாரட் கப்பாசிட்டரும் சேர்ந்து நிற்கிற ஒரு இடம் உண்டு. அந்தச் சோடி 720 ஹேர்ட்ஸ் அளவுக்குக் கீழே போகப் போக ஒலியைக் குறைவாகவே பெருக்கும். அந்த ஒரு கப்பாசிட்டரைக் கழற்றி 0.1 போட்டால் எல்லை 340 அளவுக்கு இறங்கும், அதாவது கீழ்ச்சத்தமும் கூடுதலாக வரும். தனியாக வீட்டில் வாசித்தால் கொழுத்த, வடிவான சத்தம். ஆனால் எங்கள் குழுவில் கீபோர்ட்காரர் இடது கையால் கீழ்ப்பக்கம் முழுக்க நிரப்பிவிடுவார், பேஸ் கிற்றாரும் அங்கேதான். அந்தக் கொழுத்த சத்தத்தோடு நான் உள்ளே போனால் ஒருவருக்கும் ஒன்றும் கேட்காது. இதைக் கண்டுபிடிக்க நான் என்ன செய்தேன்? ஒரே நான்கு வரியை, ஒரே வேகத்தில், ஒரே அழுத்தத்தில் திரும்பத் திரும்ப வாசித்தேன். கப்பாசிட்டரை மாற்றினேன், மறுபடி வாசித்தேன். விரல் அழுத்தம் கொஞ்சம் மாறினாலும் எது கப்பாசிட்டரின் வித்தியாசம், எது கையின் வித்தியாசம் என்று தெரியாமல் போய்விடும். அதனால் கை நேராக நிற்கப் பழகியது. இதற்குப் பெயர் பிராக்டிஸ் இல்லையென்றால் வேறு எதற்குப் பிராக்டிஸ் என்று பெயர்?

பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாவில் நாதஸ்வரக்காரர் சீவாளி என்கிற ஊதுமுனையைச் செதுக்கிக்கொண்டு இருந்தால், "ஐயா, அதை விட்டுவிட்டு வாசியுங்கோ" என்று யாராவது சொல்கிறோமா? மிருதங்கக்காரர் கச்சேரிக்கு முன் தொப்பி என்கிற இடது பக்கத் தோலில் ரவையைக் குழைத்து ஒட்டுகிறார், போதாவிட்டால் இன்னும் கொஞ்சம் ஒட்டுகிறார், ஒரு தட்டுத் தட்டிக் கேட்கிறார். அதைக் கைப்பக்குவம் என்கிறோம். நான் செய்தால் மட்டும் வாசிக்கத் தெரியாதவனின் சாக்கு.

எங்கள் பெரியப்பா ரேடியோ திருத்துகிறவர். பழைய வால்வு ரேடியோ, டிரான்சிஸ்டர் ரேடியோ எல்லாம் அவருடைய கடைக்கு வரும். திருத்த முடியாததிலிருந்து உதிரிகளைக் கழற்றி மாத்திரை டப்பாவில் போட்டு வைப்பார். அதில் கிடைத்த ஏசி128 என்ற, ஜெர்மானியம் என்கிற தனிமத்தில் செய்த பழைய டிரான்சிஸ்டர் இரண்டில்தான், சத்தத்தைக் கரகரப்பாக்குகிற என் முதல் ஃபஸ் பெட்டி பிறந்தது. 1966இல் லண்டனில் வந்த ஃபஸ் ஃபேஸ் பெடலும் இந்த மாதிரி ஜெர்மானியத்தில் செய்ததுதான். ஜெர்மானியத்துக்கு வெப்பம் ஆகாது. சூடு ஏற ஏற உள்ளே கசிவு மின்னோட்டம் கூடும், சத்தம் தடித்து அறுந்து போகும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் ஒரு சத்தம், கடல்காற்று திரும்பின பிறகு வேறு சத்தம். எனக்கு அப்போது அது பெரிய அதிசயம். பெரியப்பா காரணம் சொல்லவில்லை. "வாசிச்சுக்கொண்டே இரு, எப்ப மாறுது என்று காதால பிடி" என்றார். அயனையும் கிற்றாரையும் ஒரே நாளில் என் கையில் தந்தவர் அவர்.

அந்தப் பெட்டியோடு 2007இல் நண்பன் வீட்டுக்குப் போகும் வழியில் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். அலுமினியப் பெட்டி, உள்ளே வயர், 9 வோல்ட் பற்றரி, காலால் அமத்துகிற ஒரு ஸ்விட்ச். அந்தக் காலத்தில் திருகோணமலையில் ஒரு தமிழ்ப் பெடியனின் பையில் இப்படி ஒன்று இருந்தால் என்ன நினைப்பார்கள் என்று நான் விளக்கத் தேவையில்லை. "மொக்கத மே?" (என்ன இது?) என்று ஒரு ஆமிக்காரர் கேட்டார். எனக்குச் சிங்களத்தில் 'ஃபஸ்' என்று சொல்லத் தெரியாது, தமிழிலேயே தெரியாது. பையிலிருந்த, கிற்றார் மீட்டுகிற பிக்கையும் பழைய கிற்றார்க் கம்பியையும் எடுத்துக் காட்டினேன். திறக்கச் சொன்னார்கள். நாலு ஸ்க்ரூவையும் காசால் திருகிக் கழற்றினேன், கை நடுங்கினதில் ஒன்று மண்ணில் விழுந்து போனது. ஒரு வயதான ஆமிக்காரர் உள்ளே பார்த்துவிட்டு, ரேடியோ மாதிரி என்று மற்றவருக்குச் சொன்னார், விட்டுவிட்டார்கள். அன்றைக்குப் பெரியப்பா பெட்டியை வாங்கி அலுமாரிக்குள் வைத்தார். சண்டை முடியும்வரை அது வீட்டை விட்டு வெளியே போகவில்லை. நானும் கிற்றாரோடு வெளியே போகவில்லை.

ஆகவே என் வாசிப்பு நேரம் எங்கே போனது என்று கணக்குக் கேட்கிறவர்கள் அந்த வருடங்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போது ஆளோடு ஆள் சேர்ந்து வாசிக்க முடியாத எனக்கு இசையோடு மிஞ்சியிருந்த ஒரே தொடர்பு அந்த மேசையும் அயனும் ஹெட்ஃபோனும்தான். அதை வீணாய்ப்போன நேரம் என்று எழுத ஒருவருக்கு எப்படி மனம் வந்தது என்று தெரியவில்லை.

"காசு கொடுத்து நல்ல பெடல் வாங்கலாமே" என்று ஒருவர் கீழே கேட்டிருந்தார். வாங்கலாம். 2022 மார்ச்சில் டொலர் 200 ரூபாய்ச் சொச்சத்தில் இருந்து மேயில் 360க்குப் போனபோது எத்தனை பேர் வாங்கினார்கள்? அந்த வருடம் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கி வந்த சில்லறை உதிரிகளில்தான் இந்த ஊரில் பலருடைய பெடல் உயிரோடு இருந்தது. வாங்கினாலும் இங்கே கடற்காற்று விடாது. டச்பே கரையில் திறந்த மேடையில் சில தடவை வைத்து வாசித்துப் பாருங்கள், வயரைச் சொருகுகிற ஜாக்கின் உள்ளே பச்சை படிந்துவிடும். அப்போது கொழும்புக்கா அனுப்புவீர்கள்? என்னிடம்தான் கொண்டு வருவீர்கள். கொண்டு வந்தீர்கள்.

அந்தப் பதிவை எழுதியவரின் காலடியில் இருக்கிற பச்சைப் பெட்டியின் உள்ளே போய்ப் பாருங்கள். நிகழ்ச்சிக்கு முதல் நாள் இரவு அவர் அதைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். காலால் அமத்துகிற ஸ்விட்ச் போயிருந்தது. வயர் ஒட்டுகிற ஒன்பது உலோகக் கால் உள்ள ஸ்விட்ச் அது. ஒவ்வொரு காலிலும் இரண்டு மூன்று நொடிக்கு மேல் அயனை வைத்தால் உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் உருகி ஸ்விட்ச் செத்துவிடும். ஒரு கால், பிறகு கொஞ்சம் ஆறவிட்டு அடுத்த கால். அன்றைக்கு நான் வாசிக்க வைத்திருந்த நேரம் அதில்தான் போனது. அவருடைய சோலோ வடிவாக வந்தது, கைதட்டினேன். அடுத்த நாள் இந்தப் பதிவு. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை.

"பெடல் செய்கிறவர்கள் பலர் கடைசியில் வாசிக்கவே மாட்டார்கள், சேர்த்து அடுக்கி வைப்பார்கள்" என்பது இன்னொரு கதை. இருக்கட்டுமே! வாசிக்காதவர் செய்தால் யாருக்கு என்ன நட்டம்? ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்குப் பெட்டிகள் செய்து கொடுத்த ரோஜர் மேயர் பிரித்தானியக் கடற்படை ஆய்வுகூடத்தில் ஒலி, அதிர்வு ஆராய்ந்தவர். அவர் மேடையில் நிற்கவில்லை என்று ஹெண்ட்ரிக்ஸ் குறை சொன்னாரா? இரண்டையும் செய்தவர்களும் இருக்கிறார்கள். குயின் குழுவின் பிரையன் மே 1963இல் தகப்பனோடு சேர்ந்து, பழைய கணப்படுப்புச் சட்ட மரத்தைக் கழுத்தாக்கி, தன் கிற்றாரைத் தானே செய்யத் தொடங்கினார், வாழ்நாள் முழுக்க அதையே வாசிக்கிறார். டொம் ஷோல்ஸ் போலராய்ட் நிறுவனத்தில் பொறியியலாளராக இருந்தவர், வீட்டு நிலவறையில் தானே கட்டிய ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்து 1976இல் பொஸ்டன் என்ற ராக் குழுவின் முதல் இசைத்தட்டைக் கொண்டுவந்தார். "அவர்கள் மேதைகள், நீ யார்?" என்று கேட்பீர்கள். நான் திருகோணமலையில், சீனக்குடாவில் வேலைக்குப் போய்வந்து, பிள்ளையைப் படுக்கவைத்துவிட்டு வாசிக்கிற ஒருவன். மேதையாக இல்லாதவனுக்கு இரண்டு வேலை செய்ய உரிமை இல்லை என்று எங்கே எழுதியிருக்கிறது?

நேரத்தைப் பிரிப்பது கஷ்டம் இல்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அயனை எடுத்து உட்கார்ந்தால் சாமம் ஆவது தெரியாது. அதனால் எங்கள் வீட்டில் முதலில் கிற்றார், பிறகுதான் அயன். பிள்ளை நித்திரையானதும் ஹெட்ஃபோனைப் போட்டு, தாளம் காட்டுகிற மெட்ரோநோமோடு வாசிப்பேன், கை களைத்த பிறகு அயனைப் பிளக்கில் போடுவேன். நிகழ்ச்சி வருகிற கிழமையில் என்னுடைய எந்தப் பெட்டியையும் திறப்பதில்லை. புதிதாகச் செய்ததை ஒத்திகையில் வாசித்துப் பார்க்காமல் மேடைக்கு எடுப்பதும் இல்லை. இந்த ஒழுங்கை மற்றவர்களுக்காகத்தான் பலமுறை உடைத்திருக்கிறேன், போன வெள்ளிக்கிழமை உட்பட. இனி உடைக்க மாட்டேன். நிகழ்ச்சிக்கு முதல் நாள் யாரும் பெடலோடு வராதீர்கள். தேத்தண்ணிக்கு வாருங்கள்.

தம்பி, உனக்கு. விடாதே. கஷ்டமான சேர்க்கிட் ஒன்றும் வேண்டாம், ஒரேயொரு டிரான்சிஸ்டர் உள்ள, சத்தத்தைப் பெரிதாக்குகிற பூஸ்டரில் தொடங்கு. பெடல் பவர் பிளக்கில் நடு முனைதான் நெகட்டிவ், நம் வீட்டு அடப்டர்கள் பெரும்பாலும் அதற்கு நேர்மாறு. மாறிப் போனால் டிரான்சிஸ்டர் போய்விடும், அதனால் கரண்ட் உள்ளே வரும் இடத்தில், ஒரு திசையில் மட்டும் கரண்டை விடுகிற 1என்4001 டயோடு ஒன்றைப் பிளஸுக்கும் மைனஸுக்கும் குறுக்கே தலைகீழாக (கோடு பிளஸ் பக்கம்) போடு. ஒரு கிழமைக்கு மூடியைப் பூட்டாமல் வைத்து, ஒவ்வொரு நாளும் அதிலேயே வாசி. எங்கே குறைகிறது என்று உன் காது சொல்லும், அப்புறம் மாற்று. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வா. அலுமினியப் பெட்டி என்னிடம் ஒன்று சும்மா கிடக்கிறது, ஓட்டை போட்டுத் தருகிறேன். கிற்றாரை மறக்காமல் கொண்டு வா, பூஸ்டர் வேலை செய்கிறதா என்று நீதான் வாசித்துக் காட்ட வேண்டும்.