மரபணு ரிப்போர்ட்டும் மஞ்சள் மாத்திரையும்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மருந்துக் கடை கவுண்டருக்குப் பின்னால் நின்று எனக்குப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. போன வாரம் மத்தியானம், கூட்டம் ஓய்ந்த நேரத்தில் ஒரு பெண் வந்தாள். கல்யாணமாகி ஆறு மாதம். கூடவே மாமியார். கையில் வழவழவென்று ஒரு ஃபைல்.

"அக்கா, இதுல பாசிட்டிவ்னு போட்டிருக்கு. இதுக்குன்னு தனி மாத்திரை இருக்காமே, உங்ககிட்ட இருக்கா?"

வாங்கிப் பார்த்தேன். மரபணுப் பரிசோதனை. 'எம்டிஎச்எஃப்ஆர் சி677டி' என்று போட்டு, பக்கத்தில் 'டிடி', அதைச் சுற்றிச் சிவப்புக் கட்டம். ஏதோ ஒரு லேபில் 'தாய்மை பேக்கேஜ்' என்று சொல்லி ஏழாயிரம் வாங்கியிருக்கிறார்கள். டாக்டர் சீட்டில் சாதாரண ஃபோலிக் ஆசிட் மட்டும்தான் இருந்தது. தனி மாத்திரை யோசனை லேப்காரர்கள் ஃபைலில் சொருகிய நோட்டீஸிலிருந்து வந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார். "எங்க வகையில இப்படி ஒரு குறையும் கிடையாதும்மா. இவ அம்மா வழியில வந்திருக்கும்."

அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் ஃபைலை மூடினாள். அந்த முகத்தைப் பார்த்ததால்தான் இந்தப் பதிவு.

முதலில் அந்த 'குறை' என்னவென்று பார்ப்போம். ஃபோலேட் என்ற பி விட்டமினை (மாத்திரையில் வரும்போது அதன் பெயர் ஃபோலிக் ஆசிட்) உடம்பு பயன்படுத்தும் வடிவத்துக்கு மாற்ற ஒரு நொதி வேண்டும். அதைச் செய்யச் சொல்லும் மரபணுதான் இந்த எம்டிஎச்எஃப்ஆர். அதில் 'சி' என்ற ஓர் எழுத்து 'டி' ஆக மாறினால் நொதி கொஞ்சம் மந்தமாக வேலை செய்யும் என்று 1995இல் கண்டுபிடித்தார்கள். இரண்டு பிரதியிலும் மாற்றம் இருந்தால் டிடி. மெக்சிகோவில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் டிடி. தெற்கு இத்தாலியில் நாலில் ஒருவர். அத்தனை பேருக்கும் நோய் என்றா சொல்வது? கண் நிறம் மாதிரி அதுவும் ஒரு வகை, அவ்வளவுதான்.

அப்புறம், டிடி என்றால் ஒரு டி அம்மாவிடமிருந்து, ஒரு டி அப்பாவிடமிருந்து. பேச்சுவாக்கில் தெரிந்தது, இந்த மாமியார் அந்தப் பெண்ணுக்குச் சொந்த அத்தை. அப்பாவின் கூடப்பிறந்த அக்கா. ஆக ஒரு டி இவர் தம்பி கொடுத்தது! "ஒண்ணு உங்க பொறந்த வீட்டுச் சீர்தாம்மா" என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பெண்ணுக்கு வந்தது.

சரி, தேவை மாறுமா என்றால், கொஞ்சம் மாறும். ஒரே அளவு ஃபோலிக் ஆசிட் சாப்பிட்டால் டிடி உள்ளவர்களின் ரத்தத்தில் ஃபோலேட் சுமார் 16 சதவீதம் குறைவாக இருக்கும். அவ்வளவே. அதனால்தான் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், எந்த வகையாக இருந்தாலும் தினம் 400 மைக்ரோகிராம் போதும் என்கிறது. மரபணுவைவிட மாத்திரையை ஒழுங்காகப் போடுவதுதான் பெரிய வித்தியாசம் செய்கிறது. கருச்சிதைவு திரும்பத் திரும்ப நடந்தால்கூட இந்த டெஸ்ட்டை எழுத வேண்டாம் என்று அங்குள்ள மரபியல் மருத்துவர் அமைப்பே 2013இல் சொல்லிவிட்டது. இங்கே அது பேக்கேஜில் வருகிறது.

அந்தத் 'தனி மாத்திரை' மெத்தில்ஃபோலேட், அதாவது உடம்பு பயன்படுத்தும் வடிவத்துக்கு முன்கூட்டியே மாற்றிய ஃபோலேட். விலை பல மடங்கு. குழந்தையின் முதுகுத்தண்டுக் குறைபாட்டைத் தடுக்கும் என்று நிரூபணமானது சாதாரண ஃபோலிக் ஆசிட்தான். 1991இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வில், முன்பு அப்படி ஒரு குழந்தை பிறந்த தாய்மார்களுக்கு அது திரும்ப வருவதை 72 சதவீதம் குறைத்தது இந்தச் சின்ன மஞ்சள் மாத்திரை. இதை ஆய்வகத்தில் உருவாக்கிய குழுவுக்குத் தலைமை வகித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் நம் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்தவர். ஸ்ட்ரிப்பைக் கத்தரிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெருமை உண்டு.

யாரும் சிவப்புக் கட்டம் போட்டுச் சொல்லாத விஷயம் நாள் கணக்கு. கரு உருவாகி 28 நாளுக்குள் பின்னால் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் நரம்புக்குழல் மூடிவிடும்; அது சரியாக மூடாததுதான் அந்த முதுகுத்தண்டுக் குறைபாடு. நாள் தள்ளிப்போய், இரண்டு நாள் பார்ப்போம் என்று இருந்து, கிட் வாங்கிக் கோடு பார்த்து, மாமியாரிடம் சொல்லி, நல்ல நாள் பார்த்து டாக்டரிடம் போவதற்குள் அந்த 28 நாள் பெரும்பாலும் முடிந்திருக்கும். நர்ஸம்மாவிடம் பதிந்து பிக்மி நம்பர் (கர்ப்பப் பதிவு எண்) வாங்கும்போது மாத்திரை கொடுக்கிறார்கள், நல்லதுதான். ஆனால் குழல் விஷயத்தில் அது தாமதம். என்னைக் கேட்டால் கல்யாணத் தாம்பூலப் பையில் தேங்காயோடு ஒரு ஸ்ட்ரிப் போட்டுவிடலாம்.

அதற்காக அள்ளிப் போடவும் கூடாது. நம் கடைகளில் அதிகம் நகர்வது 5 மில்லிகிராம், அதாவது 400 மைக்ரோகிராமைப் போலப் பன்னிரண்டு மடங்குக்கும் மேல். முன்பு பாதிப்புள்ள குழந்தை பிறந்தவர்கள், வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் போன்றோருக்கு டாக்டர் அதை எழுதுவார். மற்றவர்களுக்கு எதற்கு? பி12 குறைவாக இருக்கிற உடம்பில் ஃபோலிக் ஆசிட் மட்டும் ஏறினால் ரத்தசோகை மறைந்து, நரம்புப் பாதிப்பு சத்தமில்லாமல் நடக்கும். கர்ப்பத்தில் பி12 குறைந்து ஃபோலேட் கூடியிருந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு ஆறு வயதில் இன்சுலின் சரியாக வேலை செய்யாத போக்கு அதிகம் என்று புனே ஆய்வு ஒன்று 2008இல் சொன்னது. பி12 அதிகம் கிடைப்பது கவுச்சியில்; அந்தப் பெண் வீட்டில் கவுச்சியே கிடையாதாம். துறைமுகத்திலிருந்து நெத்திலி வாசலுக்கே வரும் ஊரில் இருந்துகொண்டு! சாப்பிடாதவர்களை நான் வற்புறுத்த மாட்டேன். ஆனால் ஏழாயிரம் பேக்கேஜில் பி12 இல்லை. அதுதான் எரிச்சல்.

மரபணுவே பொய் என்று நான் சொல்லவில்லை. கோலின் என்று ஒரு சத்து. கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏறும்போது உடம்பே அதைக் கூடுதலாகத் தயாரிக்கும். சில பெண்களின் மரபணு அந்த உத்தரவுக்குப் பணியாது. அவர்களுக்குச் சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். ஒரு முட்டையில் சுமார் 150 மில்லிகிராம் இருக்கிறது, கர்ப்பத்தில் தினம் தேவை 450. அதேபோல் தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் கூறு உள்ளவர்களுக்கு இரும்பு மாத்திரை எத்தனை போட்டாலும் ஹீமோகுளோபின் முழுதாக ஏறாது. அதற்கு ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. அந்தக் கூறு இருப்பது தெரிந்தால் கணவனுக்கும் எடுத்தே ஆக வேண்டும், அத்தை மகனைக் கட்டியிருந்தால் கட்டாயம். இப்படிப்பட்ட இடத்தில் செலவழித்தால் நான் ஏன் கேட்கப்போகிறேன்?

400 மைக்ரோகிராம் ஒரு ஸ்ட்ரிப் கொடுத்தேன். பி12 பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேட்கச் சொன்னேன். படி இறங்கும்போது அத்தை திரும்பி வந்தார்.

"அந்த ஏழாயிரம் டெஸ்ட்டை என் பையனுக்கும் எடுக்கணுமா?"

"வேண்டாம்மா."

"அப்ப இவளுக்கு மட்டும் எதுக்கு எடுத்தாங்க?"

அதை லேபில் கேளுங்கள் என்று நோட்டீஸைத் திருப்பிக் கொடுத்தேன். பி12 ரிப்போர்ட் வந்ததும் காட்டுகிறேன் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டுப் போனாள். இன்னும் வரவில்லை.