அந்த அம்மா சொன்னது "பஸ் போயிடும்"

எல்லாரும் பார்த்திருப்பீர்கள். கொழும்பு வெள்ளவத்தைக் கீரைக்கார அம்மாவின் அந்த 22 செக்கன் டிக்டொக் வீடியோ. மூன்று நாளில் என் இன்பொக்ஸுக்கே ஏழு பேர் அனுப்பிவிட்டீர்கள். பாதிப் பேர் சிரித்தபடி, மீதிப் பேர் கோபத்தோடு.

அன்று நான் அங்கேதான் நின்றேன். பொடியன் வந்து வல்லாரைப் பிடியை எடுத்தான், கயிற்றை அவிழ்த்தான், "பழசு" என்று திரும்பப் போட்டான். அடுத்தது பொன்னாங்காணி. அப்புறம் திரும்பவும் வல்லாரை. நாலாவது பிடியையும் அவிழ்த்தபோதுதான் அம்மா அதைப் பறித்து ஈரச்சாக்கில் வீசி, "போடா அங்கால" என்றார். அவனுடைய கூட்டாளி பின்னால் நின்று போனைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவிழ்த்துப்போட்ட நாலு பிடியும் வீடியோவில் இல்லை. வீசியது மட்டும் இருக்கிறது, அதற்கு மேல் ஒரு பாட்டு.

கடைசியில் அம்மா வாய்க்குள் ஏதோ முணுமுணுக்கிறார் இல்லையா? அது என்ன கெட்ட வார்த்தை என்று கொமென்ட்டில் பெரிய ஆராய்ச்சியே நடக்கிறது. அவர் சொன்னது "பஸ் போயிடும்". வத்தளைப் பக்கம் வீடு. புறக்கோட்டையில் இறங்கி இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். இருட்டுவதற்குள் மிச்சக் கீரையை விற்றாக வேண்டும். இவ்வளவுதான்.

அந்த ஒரு சொல்தான் இந்த வீடியோவைத் தூக்கிவிட்டது. என்ன சொன்னார் என்று கேட்க எல்லாரும் இரண்டாம் தரம், மூன்றாம் தரம் ஓடவிட்டிருக்கிறீர்கள். டிக்டொக்கில் ஒரு வீடியோவை முதலில் கொஞ்சப் பேருக்குக் காட்டுவார்கள். அவர்கள் கடைசிவரை பார்த்தால், திரும்பப் பார்த்தால், கொமென்ட் போட்டால், இன்னும் பலருக்குப் போகும். வீடியோவை முடிவுவரை பார்ப்பது வலுவான அடையாளம் என்றும், பின்தொடர்பவர் எண்ணிக்கையை நேரடியாகக் கணக்கில் எடுப்பதில்லை என்றும் டிக்டொக்கே 2020இல் எழுதியது. அதனால்தான் யாருக்கும் தெரியாத ஒரு பொடியனின் வீடியோ உங்கள் வீட்டு மேசைவரை வந்தது. நீங்கள் ஏன் நின்று பார்த்தீர்கள் என்று யாருக்கு எதைக் காட்டுவது என்று தீர்மானிக்கும் அந்த மெஷினுக்குத் தெரியாது. நின்றீர்கள், அது போதும்.

"நான் அம்மாவுக்காகத்தானே அவனைத் திட்டிக் கொமென்ட் போட்டேன்?" என்று கேட்கிறீர்கள். நானும் போட்டேன். இரண்டு நீளக் கொமென்ட். அதுவும் பரப்பியதுதான். எந்தப் பதிவை அதிகம் காட்டுவது என்று முடிவுசெய்ய, 2017இல் பேஸ்புக் கோப முகக் குறிக்கு ஒரு லைக்கைப் போல ஐந்து மடங்கு எடை கொடுத்து வைத்திருந்தது. 2020இல்தான் அதைப் பூச்சியமாக்கினார்கள். வெளியே கசிந்த அவர்களுடைய ஆவணங்கள் வழியாக 2021இல் உலகத்துக்குத் தெரிந்தது. நம் கோபத்துக்கு யாரோ விலை போட்டிருந்தார்கள். நாம் அதை நியாயம் என்று நினைத்து வாரி வாரிக் கொடுத்தோம்.

நல்ல வீடியோவும் பரவுகிறதே, சின்னக் கடைக்காரர்கள் அதனால் பிழைக்கிறார்களே என்பீர்கள். சரி, உண்மைதான். அந்தக் கடைக்காரர் தானே விரும்பிப் போனுக்கு முன்னால் வந்து நின்றவர். இந்த அம்மாவிடம் யாராவது கேட்டார்களா?

"கீரை விஷயத்துக்கு இவ்வளவு பெரிய கதையா?" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அவருக்கு நான் அம்பாறையை நினைவுபடுத்த வேண்டும். 2018 பெப்ரவரியில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கறிக்குள் இருந்த கட்டியைக் காட்டி, கருத்தடை மாத்திரை போட்டாயா என்று காசாளரை மிரட்டிக் கேட்டார்கள். சிங்களம் சரியாகத் தெரியாத அந்த மனிதர் தடுமாறி ஏதோ சொன்னார். அதை ஒப்புக்கொண்டதாக வைத்து வீடியோ பரவியது. அது மாக்கட்டி. அதற்குள் கடை நொறுங்கிவிட்டது. அடுத்த வாரம் கண்டிப் பக்கம் திகனவில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன, நாடு முழுக்கப் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் நிறுத்தினார்கள். அந்தக் கலவரத்தில் தன் பங்குக்குப் பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது 2020இல். அங்கேயும் ஒரு மனிதர் தடுமாறிச் சொன்னதைத்தான் ஊர் தன் இஷ்டத்துக்கு எழுதிக்கொண்டது. இரண்டும் ஒரே அளவு என்று நான் சொல்லவில்லை. வழி ஒன்றுதான்.

இன்னொருவர், "பிடிக்காவிட்டால் பார்க்காமல் போ" என்கிறார். நான் பார்க்காமல் போகலாம். அம்மா எங்கே போவார்? பஸ்ஸில் ஏறினால் இரண்டு பிள்ளைகள் அவரைப் பார்த்து "போடா அங்கால" என்று சிரிக்கிறார்களாம். பன்னிரண்டு வருஷமாக அவரிடம்தான் வாங்குகிறேன். என் மகள் வயிற்றில் இருந்தபோது முருங்கையிலையைத் தனியாக ஆய்ந்து மனைவிக்குக் கொடுத்துவிட்டவர். "காசு வேண்டாம், பிள்ளை பிறக்கட்டும்" என்றவர். அவரைத்தான் திமிர் பிடித்த கிழவி என்று எழுதுகிறீர்கள். அதை வாசிக்க வாசிக்க எனக்கு வயிறு எரிகிறது. பக்கத்தில் நின்ற நான் அன்று அந்தப் பொடியனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

நேற்று மாலை போனேன். மனைவி அனுப்பிய சாமான் லிஸ்டைப் பார்க்கச் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தேன். அம்மா சட்டென்று சேலைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

"அம்மா, நான்தான்."

"தெரியும் தம்பி. அதை உள்ள வையுங்கோ."

வைத்தேன். லிஸ்டில் என்ன இருந்ததென்று பாதி மறந்துவிட்டது. வல்லாரை இரண்டு பிடி வாங்கினேன். கயிறு இறுக்கமாக, இரட்டை முடிச்சுப் போட்டிருந்தார்.