எழுதியிருந்தும் சொல்லப்படாதது

"எல்லாவற்றையும் அறிக்கையில் எழுதித்தானே கொடுத்தோம், படிக்காதது அவர்கள் தவறு" என்ற சமாதானத்தை அலுவலகங்களில் அடிக்கடி கேட்கிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. படிப்பவர் யார், எந்த அவசரத்தில் படிப்பார், படித்தபின் என்ன முடிவெடுக்க வேண்டியவர் என்பதையெல்லாம் எண்ணிப் பாராமல் எழுதினால், உண்மை தாளில் இருந்தும் உரியவரைச் சென்று சேராது.

2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்ணோடம் கிளம்பியபோது, எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு ஒன்று அதன் இடது இறக்கையில் மோதியது. விண்ணோடம் வானில் இருக்கும்போதே, சேதம் எவ்வளவு இருக்கும் என்று பொறியாளர்கள் ஆராய்ந்து நாசா மேலாளர்களுக்குத் திரையில் விளக்கினார்கள். அதில் ஒரு பக்கத்தின் தலைப்பைப் படித்தவருக்கு, சோதனை முடிவுகள் ஆறுதல் தருகின்றன என்றே தோன்றியிருக்கும். அதே பக்கத்தின் அடியில், உட்குறிப்புக்குள் உட்குறிப்பாக, நுரைத்துண்டின் கன அளவு 1,920 கன அங்குலம் என்றும் சோதனைக்குப் பயன்பட்டது வெறும் 3 கன அங்குலம் என்றும் இருந்தது. 640 மடங்கு வேறுபாடு! சக பொறியாளருக்கு அந்த ஒரு வரி போதும். தலைப்பைப் பார்த்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகும் மேலாளருக்குப் போதாது. பிப்ரவரி 1 அன்று திரும்பும் வழியில் விண்ணோடம் சிதறி, கல்பனா சாவ்லா உட்பட எழுவர் இறந்தனர். உயிருக்கு ஆபத்து இருப்பதை ஒரு மூத்த அதிகாரி உணராமலே அந்தப் பக்கத்தைப் படித்துவிட முடியும் என்று விசாரணைக் குழுவே எழுதியது. (அந்த ஒரு பக்கம்தான் விபத்துக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை, கேட்க விரும்பாத மேலாளர்களும் அங்கே இருந்தார்கள்.)

திருக்குறளில் 71ஆம் அதிகாரம் குறிப்பறிதல், 72 அவையறிதல், அதன் பிறகுதான் 73ஆவதாக அவையஞ்சாமை வருகிறது. இன்றைய மேடைப்பேச்சுப் பயிற்சிகளில் பெரும்பாலானவை நேரே கடைசியிலிருந்து தொடங்குகின்றன. கூச்சம் போய்விடுகிறது, எதிரில் இருப்பவர் யார் என்ற கேள்வி மட்டும் எழுவதே இல்லை.

கேட்பவருக்கு ஏற்றபடி பேசுவது முகத்துதி என்று சிலர் நினைக்கிறார்கள். முகத்துதி செய்பவர் விஷயத்தையே மாற்றுகிறார். நான் கேட்பது வரிசையையும் சொற்களையும் மாற்றுவதை. மருத்துவர் மருந்துச்சீட்டில் எழுதும் 'டிடிஎஸ்' என்ற குறி மருந்தாளுநருக்குப் போதும். அந்தச் சீட்டோடு வீடு திரும்புபவருக்கோ "காலை, மதியம், இரவு" என்றுதான் எழுத வேண்டும்.