யூனிவர்சல் கிரெடிட் வந்தால் மட்டும் போதாது

பிரிட்டனில் குறைந்த வருமானத்தினருக்கு அரசு தரும் உதவித்தொகை யூனிவர்சல் கிரெடிட்; வீட்டுக்காக உள்ளூராட்சியான கவுன்சிலுக்குக் கட்டும் வரி கவுன்சில் டாக்ஸ். "யூனிவர்சல் கிரெடிட் எடுக்கிறவர்களுக்குக் கவுன்சில் டாக்ஸ் தானாகவே குறையும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படியில்லை. குறைப்பு வேண்டுமென்றால் உங்கள் கவுன்சிலிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். சொந்த வீட்டில் இருப்பவரும் கேட்கலாம்.

இங்கிலாந்தில் 2013 ஏப்ரலிலிருந்து, உழைக்கும் வயதினருக்கான விதிகளை ஒவ்வொரு கவுன்சிலும் தானே வகுக்கிறது. அதனால் பக்கத்து ஊர்க்காரருக்குக் குறைந்ததை வைத்து உங்கள் கணக்கைப் போடாதீர்கள். ஓய்வூதிய வயதினருக்கு மட்டும்தான் பொது விதி.

வீட்டில் வயது வந்தவர் ஒருவரே என்றால் கிடைக்கும் 25% கழிவு வேறு. அதற்கு வருமானம் பார்ப்பதில்லை. விசாவில் 'பொது நிதி கூடாது' (அரசின் உதவித்தொகைகளை வாங்கக் கூடாது என்ற நிபந்தனை) என்று இருப்பவர்களும் இந்தக் கழிவை வாங்கலாம். ஆனால் வருமானம் பார்த்துத் தரும் குறைப்பு பொது நிதிக் கணக்கில் வரும், ஆலோசனை கேட்காமல் கை வைக்காதீர்கள்.

முடிவு வரட்டும் என்று பில்லைக் கட்டாமலும் இருக்காதீர்கள். நினைவூட்டல் வரும், பிறகு நீதிமன்ற சம்மன். அந்தச் செலவும் உங்கள் தலையில்தான்.