சிறுவயது இதய அறுவைக்குப் பிறகும் பரிசோதனை தேவை
"சிறுவயதிலேயே ஃபாலோ டெட்ராலஜி அறுவை முடிந்துவிட்டால் முழு குணம், பிறகு டாக்டரே வேண்டாம்" என்று இணையத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார். ஃபாலோ டெட்ராலஜி என்பது பிறவியிலேயே வரும் இதயக் குறைபாடு. இதை நம்பி யாரும் பரிசோதனையை நிறுத்திவிடக் கூடாது.

அறுவையில் கீழறைகளுக்கு இடையிலுள்ள ஓட்டையை அடைத்து, நுரையீரலுக்குச் செல்லும் குறுகிய பாதையை அகலப்படுத்துகிறார்கள். அப்போது பலருக்கு அங்குள்ள வால்வு கசியத் தொடங்கிவிடுகிறது. வெளியேறிய ரத்தம் திரும்பத் திரும்ப உள்ளே வர, வலது கீழறை ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் விரிகிறது. மாடிப்படி ஏறினாலும் பலருக்கு மூச்சு வாங்காது. ஆனால் எக்கோ என்ற இதய ஸ்கேனிலும் எம்.ஆர்.ஐ.யிலும் தெரிந்துவிடும். ஈ.சி.ஜி.யில் க்யூ.ஆர்.எஸ். எனப்படும், கீழறைகளைத் துடிக்கவைக்கும் மின் அலையின் அகலம் 180 மில்லி விநாடியை எட்டினால், ஆபத்தான துடிப்புக் கோளாறு வரும் வாய்ப்பு கூடுகிறது. சரியான நேரத்தில் வால்வை மாற்ற வேண்டும். தாமதித்தால் விரிந்த அறை பழைய நிலைக்குத் திரும்பாமல் போகலாம்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. 1955 முதல் 1960 வரை அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் அறுவை செய்துகொண்டு பிழைத்தவர்களில் 86 சதவீதம் பேர் 32 ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். அந்தக் காலத்துக்கு இது பெரிய சாதனை. ஆனாலும் அதே வயதுப் பொதுமக்களில் அது 96 சதவீதம்.

மேல் அறைகளுக்கு இடையிலான ஓட்டையை மட்டும் இளவயதில் அடைத்துக்கொண்டவர்களின் ஆயுள் ஏறக்குறைய மற்றவர்களைப் போன்றதே. 'முழு குணம்' என்று எழுதியவர் அதைத்தான் நினைத்திருக்கக்கூடும். ஃபாலோ அறுவை செய்துகொண்ட பெண்கள் கருத்தரிக்கும் முன்பே இதய மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.