அங்கன்வாடியை மாநிலத்திடம் கொடுங்கள்

ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் தேக்காவில் நடந்த பேச்சுக்கு அங்கேயே பதில் சொல்லியிருக்க வேண்டும். தொண்டை அடைத்துவிட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

“சிங்கப்பூரைப் பார், ஒரே அரசாங்கம், பாலர் பள்ளியெல்லாம் எவ்வளவு ஒழுங்கு! அங்கன்வாடியையும் டெல்லியே வைத்துக்கொள்ளட்டும்” என்றார் அண்ணன். எல்லோரும் தலையாட்டினீர்கள்.

அண்ணே, இங்கே இருப்பது கூப்பிடு தூரத்து அரசாங்கம். என் மகளின் பாலர் பள்ளியில் குறை என்றால் லிஃப்டில் இறங்கிப் போய், எம்பி மக்களைச் சந்திக்கும் இரவில் வரிசையில் உட்காரலாம். பேராவூரணிப் பக்கம் 19 வருடமாக அங்கன்வாடி டீச்சராக இருக்கும் என் அக்கா டெல்லியில் யாரைப் போய்ப் பார்ப்பாள்?

2025 ஜூலையிலிருந்து அங்கன்வாடியில் சத்துமாவு வாங்க, டீச்சரின் போனில் முகத்தைக் காட்டிச் சரிபார்க்க வேண்டும். போன மாதம் ஊரில் அக்காவின் மையத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பாட்டி பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். பிள்ளையின் அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில். போனில் பதிந்திருப்பது அம்மாவின் முகம். அக்கா மூன்று முறை அழைத்தாள், அந்தப் பெண் எடுக்கவில்லை, வேலை நேரம். பாட்டி வெறுங்கையோடு திரும்பினார். அக்கா அவித்த முட்டை ஒன்றை உரித்துப் பிள்ளை கையில் கொடுத்தாள். முட்டை சென்னை எடுத்த முடிவு. முகம் டெல்லி எடுத்த முடிவு. எதனால் பிள்ளை வயிறு நிறைந்தது?

1975இல் தொடங்கிய திட்டம் இது. செலவில் இன்றும் நூற்றுக்கு 40 பங்காவது மாநிலத்துடையது. டீச்சர் மதிப்பூதியத்தை 2018இல் மத்திய அரசு 4,500 ரூபாய் ஆக்கியது. அதற்குமேல் அக்கா வாங்குவதெல்லாம் மாநிலம் தருவது. பணம் போடுகிறவனுக்கு, பிள்ளையைத் தெரிந்தவனுக்கு, முடிவெடுக்கும் உரிமை வேண்டாமா? பள்ளிக் கல்வியே 1976வரை மாநிலப் பட்டியலில்தான், அதாவது மாநிலத்தின் அதிகாரத்தில்தான் இருந்தது.

“ஏழை மாநிலங்கள் என்ன செய்யும்?” என்பீர்கள். நியாயம்தான். டெல்லி அவர்களுக்குக் கூடுதலாகப் பணம் கொடுக்கட்டும், வடகிழக்குக்கு இப்போதே 90 பங்கு கொடுக்கிறதே. பணத்தைக் கொடுத்துவிட்டு அடுப்படியை விட்டு வெளியே நிற்கட்டும். “மாநிலத்தில் சுருட்டிவிடுவார்கள்” என்பீர்கள். சுருட்டுகிறவனைப் பக்கத்தில் வைத்துப் பிடிப்பது சுலபமா, தூரத்தில் வைத்தா?

“சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு உனக்கென்ன” என்று ஒருவர் சொன்னது மட்டும் இன்னும் குத்துகிறது. என் தம்பி அந்த மையத்தில்தான் சோறு தின்று வளர்ந்தான். என் முதல் சம்பளத்தில் அங்கே பாய் வாங்கிப் போட்டேன். அதில்தான் பிள்ளைகள் இன்றும் மதியம் தூங்குகிறார்கள். எனக்கென்னவா?

வரும் ஞாயிறு அக்காவை வீடியோவில் அழைக்கிறேன். அன்று சொன்னதை அப்படியே அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், அண்ணே.