எல்லாமே 250 கிராமாம்!

தண்ணீரும் அவலும் ஒரே எடையா? நேற்று பார்த்த இட்லி வீடியோவில் அப்படித்தான். திரையில் கொட்டை எழுத்தில் "1 கப் = 250 கிராம்" என்று போட்டுவிட்டு, அந்த அம்மணி அதையே அரிசிக்கும் வைத்தார், உளுந்துக்கும் வைத்தார், அவலுக்கும் வைத்தார். வெந்தயத்தை மட்டும் "ஒரு ஸ்பூன்" என்று விட்டுவிட்டார். பெரிய மனசு.

இருங்கள், முழுசாகக் கொட்டிவிடுகிறேன். முதலில் 4 கப் இட்லி அரிசி. கையில் இருந்ததோ எவர்சில்வர் டம்ளர். சரி, இவர் ஊரில் டம்ளர்தான் கப் போலிருக்கிறது என்று பொறுத்துக்கொண்டேன். கீழே "1 கிலோ" என்று எழுத்து வந்தது. அடுத்து 1 கப் உளுந்து. இப்போது டம்ளரைக் காணோம்! ரைஸ் குக்கரோடு கொடுப்பார்களே, அந்த பிளாஸ்டிக் கப் வந்து நிற்கிறது. அது ஜப்பான்காரர் கணக்கு, 180 மில்லி. பின்னால் ஓட்டிப் பார்த்தேன், டம்ளர். முன்னால் ஓட்டினேன், பிளாஸ்டிக். கீழே மட்டும் அசையாமல் "250 கிராம்". அப்புறம் அரை கப் அவல். அதற்கு ஒரு குழிக்கிண்ணம். கோபுரமாகக் குவித்துக்கொண்டு, "இதே அளவுதாங்க" என்று சிரிக்கிறார். எந்த அளவுங்க? கீழே "125 கிராம்".

250 கிராம் என்பது 250 மில்லி தண்ணீரின் எடை, தாயே! அதே கப்பில் அரிசியைத் தலைதட்டி அளந்தால் 200 கிராமை ஒட்டித்தான் வரும். கெட்டி அவல் 100 வந்தாலே அதிகம், அதுபாட்டுக்கு ஒன்றோடொன்று அடங்காமல் காற்றை வைத்துக்கொண்டு கிடக்கும். கோதுமை மாவு இன்னும் மோசம். சலித்துப் போட்டால் ஓர் எடை, டப்பாவுக்குள் கப்பை விட்டு அமுக்கி அள்ளினால் இன்னோர் எடை. இவரை நம்பி தராசு வைத்து 125 கிராம் அவல் போட்டவர்கள் இந்நேரம் இட்லியைத் துணியிலிருந்து சுரண்டிக்கொண்டிருப்பார்கள்.

படி, ஆழாக்கு இருந்தபோது யார் கிராம் கேட்டார்கள்? 8 ஆழாக்கு ஒரு படி. பெரிய படியா சின்னப் படியா என்று சண்டை வரும்தான். ஆனால் எந்தப் படியானாலும் அரிசியையும் உளுந்தையும் அதிலேயே அளந்தால் 4க்கு 1 என்பது 4க்கு 1தான். கப் என்றால் கப்போடு நிறுத்துங்கள். கிராம் போட்டே தீருவேன் என்றால் ஒவ்வொன்றையும் ஒருமுறை தராசில் வைத்துவிட்டுப் போடுங்கள். 12 நிமிட வீடியோவில் முதல் 4 நிமிடம் வணக்கம் சொல்ல நேரம் இருக்கிறதல்லவா?

பெரியம்மாவுக்குப் போன் போட்டேன். "இதுக்கெல்லாமா அளவு? கண்ணளவுதான்டி" என்றாள். வலது கண்ணா இடது கண்ணா என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். சிரிப்புதான் வந்தது.

சரி, அளவை விடுங்கள். அவல் பாக்கெட்டில் "இங்கே கிழிக்கவும்" என்று கோடு போட்டிருக்கிறார்களே, அது என்றைக்காவது அங்கே கிழிந்திருக்கிறதா? பல்லால் இழுத்தால் அடிவரை பிளக்கிறது. கத்தரிக்கோலைத் தேடினால் காணோம். இந்த வீட்டில் எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்க ஒருத்தருக்காவது கை வருகிறதா?